‘ஃபவுண்டன்’ என்பதற்கு ‘ஊற்று’ பொருந்துமா? சொல்லின் பிறப்பும் நம் கடற்கரை வழக்கும்

மொழிபெயர்ப்பு மேசை (இராமநாதபுரம்)

நீரைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகள் சிலவற்றைத் தமிழாக்கி வருகிறேன். அவற்றில் ‘ஃபவுண்டன்’ என்னும் சொல் ஓரிடத்தில் மலையடிவாரத்தில் தானாகப் பெருகும் நீரையும், இன்னோரிடத்தில் நகரச் சதுக்கத்தில் குழாய்வழி மேலெழும்பி விழும் நீரையும், வேறோரிடத்தில் அறிவுக்கு மூலமாக அமைவதையும் குறிக்கிறது. கைவசமுள்ள அகராதிகள் எல்லாவற்றுக்கும் ‘ஊற்று’, ‘நீரூற்று’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. நம் கடற்கரையிலோ ஊற்று என்றால் மணலைத் தோண்டினால் கசிந்து நிறைவது. பூங்காவில் வண்ண விளக்கொளியில் பீய்ச்சி அடிப்பதை இங்குள்ள பெரியவர்கள் ஊற்று என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அச்சொல்லின் பிறப்பைத் தேடியவரையில் கிடைத்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். இலத்தீனில் ‘ஃபோன்ஸ்’ என்றால் நிலத்திலிருந்து தானே எழும் நீர். அதன் அடியாகப் பிறந்த ‘ஃபோந்தானா’ முதலில் ‘ஊற்றுக்குரிய’ என்னும் அடைச்சொல்லாக இருந்து, பிற்காலத்தில் ஊற்றையே குறிக்கலாயிற்று. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தபோதும் இயற்கை நீரையே குறித்தது. குழாய் வைத்து எழுப்பிய நீரை ஆங்கிலத்தில் அச்சொல் குறிக்கத் தொடங்கியது ஏறத்தாழ 1500ஆம் ஆண்டையொட்டித்தான். உரோமர்கள் ‘ஃபோன்ஸ்’ என்னும் அதே பெயரில் ஒரு தெய்வத்தையும் வணங்கினார்கள். அக்டோபர் 13ஆம் நாள் ஊற்றுகளில் மாலைகளை இட்டு, கிணறுகளுக்கும் மாலை சூட்டினார்கள். தேவாலயத்தின் திருமுழுக்குத் தொட்டியை ஆங்கிலத்தில் ‘ஃபாண்ட்’ என்பதும் இவ்வேரின் கிளையே. கணினி எழுத்துருவைக் குறிக்கும் ‘ஃபாண்ட்’ மட்டும் வேறு. அது உலோகத்தை உருக்கி வார்ப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

என் ஐயங்கள் இரண்டு. நம் ‘ஊற்று’ எந்த வேரிலிருந்து பிறந்தது? பீய்ச்சி அடிக்கும் நீரை அச்சொல்லால் குறிப்பது முறையா?

பழைய தமிழாசிரியை (திருப்புல்லாணி)

முதல் ஐயத்துக்கு விடை எளிது. ‘ஊறு’ என்னும் வினை, உள்ளிருந்து மெல்லக் கசிந்து பெருகுதலைக் குறிக்கும். நீரில் அரிசி ஊறுவதும், உப்பில் மாங்காய் ஊறி ஊறுகாய் ஆவதும், பசித்த வாயில் எச்சில் ஊறுவதும் அந்த ஒரே வினைதான். தெலுங்கிலும் ‘ஊரு’ என்றால் ஊறுதல், ‘ஊரகாய’ என்றால் ஊறுகாய், ‘ஊட்ட’ போல ஒலிக்கும் ‘ஊட’ என்றால் ஊற்று. தமிழின் றகர இரட்டிப்பு தெலுங்கில் டகரமாக நிற்பது வழக்கம் என்பதைச் சுற்று–சுட்டு, பற்று–பட்டு ஆகிய இணைகளில் காணலாம். கன்னடத்தின் ‘ஊடெ’யும் இக்குடும்பமே. மலையாளத்தில் ‘உறவ’ என்றும் சொல்வார்கள். நம்மவர் அங்கே போய் ‘உறவ’ என்றதும் சொந்தபந்தத்தைத் தேடக் கூடாது.

மாறு–மாற்று, தேறு–தேற்று, ஏறு–ஏற்று என்பவற்றைப் போல ஊறு–ஊற்று என்று ஒற்று இரட்டித்திருக்கிறது. வினையாகக் கொண்டால் ‘ஊற்று’ பிறவினை: நீர் தானாக ஊறும், நாம் அதைக் குடத்தில் ஊற்றுவோம். பெயராகக் கொண்டால் ஊறும் இடமும் ஊறிய நீரும்.

நம் கரைக்கு மிகவும் நெருங்கிய சான்று 396ஆம் குறளில் உள்ளது: ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக் கற்றனைத் தூறும் அறிவு.’ இங்கே ‘தொட்டனைத்து ஊறும்’ என்று பிரிக்க வேண்டும். ‘தொடுதல்’ என்பது தோண்டுதல். வள்ளுவர் கிணறு என்று பொதுவாகச் சொல்லாமல் மணற்கேணி என்று குறித்துச் சொன்னது, பாறையில் வெட்டிய கிணற்றை நினைத்து அன்று. மணலில்தான் தோண்டிய அளவுக்கு உடனுக்குடன் நீர் ஊறும். அறிவுக்கு மூலம் என்னும் பொருளில் வரும் ‘ஃபவுண்டன்’ உங்களுக்கு வேண்டுமென்றால், இதைவிடப் பழகிய துணை தமிழில் இல்லை.

தங்கச்சிமடத்துக்காரர்

அம்மா, தாங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரில் வேறொரு விளக்கம் வழங்குகிறது. வில்லூன்றி தீர்த்தம் எங்கள் ஊர்க் கடலுக்குள் இருக்கிறது. கரையிலிருந்து நடைபாலத்தில் போனால் கிணறு. சுற்றிலும் உப்புநீர், உள்ளே குடிக்கத் தகுந்த நல்ல தண்ணீர். சீதையின் தாகம் தீர்க்க இராமர் வில்லை ஊன்றிய இடத்தில் நீர் வந்தது என்பது தலவரலாறு. ஆகவே ‘ஊன்று’ என்பதிலிருந்துதான் ‘ஊற்று’ வந்தது என்று எங்கள் பகுதியில் பலர் உறுதியாகச் சொல்வார்கள். வில்லை ஊன்றியதால் ஊற்று. கேட்பதற்கும் பொருத்தமாகத்தானே இருக்கிறது?

பழைய தமிழாசிரியை

கேட்பதற்குப் பொருத்தமாக இருப்பதுதான் இதில் சிக்கல். ‘ஊன்று’ என்பதிலிருந்தும் ஒரு ‘ஊற்று’ உண்மையாகவே பிறக்கிறது. தோன்று–தோற்றம் என்பதைப் போல மெல்லினம் வல்லினமாகத் திரியும். 415ஆம் குறளில் வழுக்கு நிலத்தில் நடப்பவனுக்கு உதவும் ‘ஊற்றுக்கோல்’ என்பது ஊன்றுகோலேயன்றி நீரோடு தொடர்புடையதன்று. அதற்கு முந்தைய குறளில் ‘ஒற்கத்தின் ஊற்றாந் துணை’ என்று வருவதும் தளர்ந்தபோது ஊன்றுகோல் போன்ற துணை என்னும் பொருளிலேயே. மாணவர் பலர் அதை ‘வறுமையில் ஊற்றுநீர் போன்ற துணை’ என்று எழுதுவதுண்டு. மதிப்பெண்ணைக் குறைக்க மனம் வராத பிழை அது.

எனவே வடிவம் ஒன்று, வேர் இரண்டு. ஊறு என்பதிலிருந்து வந்தது நீர். ஊன்று என்பதிலிருந்து வந்தது துணை. மேலே நண்பர் காட்டிய இரண்டு ‘ஃபாண்ட்’களின் கதையும் இதுவே. தங்கள் ஊர்த் தீர்த்தத்தின் பெயரில் இருப்பது ஊன்றுதலே. ‘வில்லூண்டி’ என்று பேச்சில் சொல்வதும் அதன் மரூஉ. அங்கே ஊறுவது மட்டும் ஊற்று. தலவரலாறு இரண்டையும் ஒரு கிணற்றில் சேர்த்துவைத்திருக்கிறது, இலக்கணம் சேர்க்கவில்லை.

கீழக்கரை மரைக்காயர்

அரபு மொழியிலிருந்து ஒரு செய்தி. அரபியில் ‘ஐன்’ என்றால் கண். அதே சொல்லுக்கு நீரூற்று என்றும் பொருள். ஐக்கிய அரபு அமீரகத்தில் நம்மூர்க்காரர்கள் நிறையப் பேர் வேலை பார்க்கும் அல் ஐன் நகரத்தின் பெயருக்கு ‘ஊற்று’ என்பதுதான் பொருள். பாலைக்கு நடுவே நிலத்தடி நீரை நம்பி எழுந்த சோலை அது. பாரசீகத்தில் கண்ணைச் ‘சஷ்ம்’ என்றும் ஊற்றைச் ‘சஷ்மா’ என்றும் சொல்வார்கள். நாமும் ‘ஊற்றுக்கண்’ என்கிறோம். கிணறு வெட்டும்போது நீர் பீறிட்டால் ‘கண் திறந்துவிட்டது’ என்கிறோம். குடும்பத்தால் தொடர்பற்ற மொழிகள் ஒரே உறுப்பை நினைத்துக்கொண்டன என்பது எனக்கு வியப்பளிக்கிறது.

தங்கள் இரண்டாவது ஐயத்துக்கும் இதில் வெளிச்சம் உண்டு. பீய்ச்சி அடிக்கும் நீரை அரபியில் ‘ஐன்’ என்பதில்லை. அதற்கு ‘நாஃபூரா’, ‘ஃபவ்வாரா’ என்னும் வேறு சொற்கள் உள்ளன. பின்னதன் வேருக்குக் கொதித்துப் பொங்குதல் என்று பொருள். இந்தியின் ‘ஃபவ்வாரா’ அதுவே. பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் ஒளுச் செய்யும் (கைகால் முகம் கழுவும்) தொட்டியை ‘ஹவுள்’ என்கிறோமே, அது மூன்றாவது வகை: தேங்கி நிற்கும் நீர். ஊறுவதும் பொங்குவதும் தேங்குவதும் அங்கே ஒன்றோடொன்று கலப்பதில்லை.

ஐயப்பாடு (தொண்டி)

மரைக்காயர் காக்கா (அண்ணன்) அவர்கள் காட்டிய ஒற்றுமை அழகானது. எனினும் தமிழில் ‘கண்’ என்பது பார்க்கும் உறுப்பை மட்டும் குறிப்பதன்று. துளை, திறப்பு என்பதற்கும் அதுவே பெயர். மேட்டூர் அணையில் 16 கண் மதகு இருக்கிறது. தேங்காய்க்குக் கண் உண்டு. நம் கரையில் வலைக்கண் எத்தனை விரல் அகலம் என்பதைப் பற்றி நாள்தோறும் வாக்குவாதம் நடக்கிறது. அந்த வரிசையில் ஊற்றுக்கண் என்பது ‘நீர் வரும் துளை’ என்றுதான் பொருள்படும். கண்ணீரையோ விழியையோ நினைத்து வைத்த பெயர் என்பதற்கு அதுவே சான்றாகாது.

கீழக்கரை மரைக்காயர்

வலைக்கண்ணை நான் மறந்துவிடவில்லை, தம்பி. ஆனால் மதகின் கண்ணைத் ‘திறந்துவிட்டார்கள்’ என்போம். ஊற்றின் கண் மட்டும் தானே ‘திறந்தது’ என்போம். இமை உள்ளதற்குச் சொல்லும் பேச்சு அது. இதற்கு மேல் வாதாடப் போவதில்லை.

நிலத்தடி (மண்டபம், ஓய்வுபெற்ற நீர்ப் பொறியாளர்)

சொல்லாராய்ச்சி நடக்கும் இடத்தில் மண்ணின் இயல்பையும் சேர்த்துப் பார்த்தால், நம் பகுதியில் ‘ஊற்று’ ஏன் கசிவாகவே இருக்கிறது என்பது விளங்கும்.

பாம்பன் தீவிலும் அதை ஒட்டிய கரையிலும் மேலே மணல், அதற்குக் கீழே பவளப்பாறையும் சுண்ணாம்புக் கல்லும். வடகிழக்குப் பருவமழை மணலில் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீரைவிடக் கடல்நீர் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு கனமானது. ஆகவே கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் உயரம் நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்துக்கு அது உப்புநீரைத் தள்ளிவைத்திருக்கும் என்பது கணக்கு. நெதர்லாந்தைச் சேர்ந்த பாடோன் கைபனும் செருமானியரான ஹெர்ட்ஸ்பெர்க்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே இதை எழுதினார்கள். இது ஏட்டுக் கணக்கு. களிமண் அடுக்கும் பாறையும் குறுக்கிடும் இடங்களில் நன்னீர்ப் படலம் இதைவிட மெல்லியதாகவே இருக்கும். விளிம்பில் அது இன்னும் மெலிந்து, கரையோரத்தில் கடலுக்குள் கசிந்து வெளியேறுகிறது. வில்லூன்றிக் கிணற்றில் நல்ல தண்ணீர் கிடைப்பதும், இராமநாதசுவாமி கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்கள் கடலுக்கு அத்தனை அருகில் இருந்தும் உப்பாகிப் போகாததும் இந்த ஏற்பாட்டினால்தான்.

இந்த நீருக்கு மேலெழும்பும் விசை கிடையாது. மேலே மூடிய களிமண் அடுக்கு ஏதுமின்றி, காற்றின் அழுத்தத்துக்குச் சமமாக அது நிற்கிறது. நெய்வேலியில் நிலக்கரிக்குக் கீழே இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் அழுத்தத்தோடு அடைபட்ட நீர் இருக்கிறது. துளையிட்டால் தானே மேலே ஏறும். உரோம நகரத்து நீரூற்றுகளுக்கோ விசை வெளியிலிருந்து வந்தது: உயரமான இடத்து ஊற்றுகளிலிருந்து கால்வாய் கட்டி நீரைக் கொண்டுவந்து, அந்த உயர வேறுபாட்டாலேயே அதை எழும்ப வைத்தார்கள். 1762இல் கட்டிமுடிக்கப்பட்ட திரெவி நீரூற்றுக்குத் தண்ணீர் தந்தது கி.மு. 19இல் அமைத்த கால்வாய்த் தடம். அதாவது இலத்தீன் சொல் இயற்கை ஊற்றிலிருந்து நகரத்துத் தொட்டிக்கு வந்தது வெறும் கற்பனையால் அன்று. தண்ணீரே அந்த வழியாகத்தான் வந்தது. சொல்லும் கூடவே வந்துவிட்டது.

நமக்கு மலையும் இல்லை, உயரமும் இல்லை. எனவே சொல்லும் மணலிலேயே இருந்துவிட்டது.

அரிச்சல்முனைப் பக்கம்

பொறியாளர் ஐயா சொன்னதைக் கைப்பழக்கத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பின்பு அங்கே திரும்பி வந்து குடிசை போட்டவர்களுக்குக் குழாய்நீர் என்று எதுவும் இல்லை, ஊத்துத்தான். எழுத்தில் ஊற்று, எங்கள் வாயில் ஊத்து.

எங்கு வேண்டுமானாலும் தோண்டிவிட முடியாது. அலை ஏறும் கோட்டிலிருந்து விலகி, மணல்மேட்டின் சரிவு முடியும் இடத்தில், அடப்பங்கொடி பச்சையாகப் படர்ந்திருந்தால் அங்கே கையால் பறிப்பார்கள். மேல்மணல் வெள்ளையாகச் சுடும். முழங்கை ஆழத்தில் நிறம் மங்கி, பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு ஈரமாகும். அதற்கும் சற்றுக் கீழே, குழியின் அடியிலிருந்து அன்றி, பக்கங்களிலிருந்து நீர் வியர்ப்பதுபோல் வரும். முதலில் தேங்குவது கலங்கலாக இருக்கும். அதைச் சிரட்டையால் அள்ளிக் கொட்டிவிட்டுக் காத்திருந்தால் தெளிந்தது வரும். அப்போதும் சிரட்டையை அமிழ்த்தாமல் மேலாகவே வழித்துக் குடத்தில் சேர்க்க வேண்டும். ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினாலோ அவசரப்பட்டு அள்ளினாலோ உப்புக் கரிக்கத் தொடங்கிவிடும். அந்தக் குழியை மூடிவிட்டு வேறிடம் பார்க்க வேண்டியதுதான். நாள்பட வேண்டிய ஊத்துக்கு மணல் சரியாமல் பனந்தடியோ அடி நீக்கிய பீப்பாயோ இறக்குவார்கள். வாடைக் காலத்தில் கையெட்டும் ஆழத்தில் நிற்கும் நீர், கச்சான் வீசும் மாதங்களில் கீழே போய்விடும்.

‘ஊத்து இறைக்கப் போகிறேன்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘ஊத்துப் பறிக்கப் போகிறேன்’, ‘ஊத்தில் கோரப் போகிறேன்’ என்பார்கள். இறைப்பது கிணற்றுக்குரிய பேச்சு.

நிலத்தடி

மேலாக வழிப்பது என்று சொன்னீர்களே, நாற்பது மடங்குக் கணக்கின் மறுபக்கம் அதுதான். நன்னீர் மட்டத்தை 1 மீட்டர் இறக்கினால் கீழிருக்கும் உப்புநீர் பல மடங்கு மேலே ஏறும். கரையோரத்தில் ஆழ்துளை போட்டு மோட்டார் வைத்து இழுத்தவர்களின் கிணறுகள் சில ஆண்டுகளில் உப்பாகிப்போன காரணமும் இதுதான். சிரட்டைக்குக் கட்டுப்பட்ட நீர் குதிரைத்திறனுக்குக் கட்டுப்படாது.

ஐயப்பாடு

அப்படியானால் இரண்டாவது ஐயத்துக்கு என் விடை: பூங்காவில் எழும்புவதை ஊற்று என்பது தவறு. ‘நீர்த்தாரை’ என்றோ, ‘பீச்சுநீர்’ என்றோ சொல்லிவிட்டு ஊற்று என்னும் சொல்லை மணலுக்கே விட்டுவிடலாம். கிரேக்கர்கள் இயற்கை ஊற்றைப் ‘பேகே’ என்றும், கட்டி எழுப்பிய நீர்த்துறையைக் ‘கிரேனே’ என்றும் பிரித்தே வழங்கினார்கள். நம் கரையின் பழைய துறைமுகமான அழகன்குளத்துக்கு உரோம நாணயங்களும் சாடிகளும் வந்த காலத்தில் கப்பலோட்டியவர்களில் பலர் கிரேக்கம் பேசியவர்களாகவே இருந்திருப்பார்கள். குடிநீர் கேட்டு இக்கரையில் இறங்கியவர்களுக்கு எந்தச் சொல் நினைவுக்கு வந்திருக்கும் என்பது சுவையான கேள்வி.

பழைய தமிழாசிரியை

பிரித்து வழங்கும் பழக்கம் நமக்கும் இருந்தது. மணிமேகலையில் சோழ மன்னனின் சோலையைச் சொல்லும் இடத்தில் ‘எந்திரக் கிணறும் இடுங்கல் குன்றமும்’ என்றும், ‘பரப்புநீர்ப் பொய்கையும் கரப்புநீர்க் கேணியும்’ என்றும் வருகிறது. பொறியால் இயங்குவது எந்திரக் கிணறு. பரந்து தெரியும் நீர் பொய்கை. மறைந்திருக்கும் நீர் கேணி. அரசனின் வேடிக்கைப் பொறியை அவர்கள் ஊற்று என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மலைநாட்டாருக்குச் சுனை, ஊர் உண்ணும் நீருக்கு ஊருணி, ‘தோட்டம் துரவு’ என்னும்போது வரும் துரவு பெருங்கிணறு. இத்தனையும் வைத்திருந்தவர்கள் நாம்.

ஆயினும் ‘தவறு’ என்று தீர்ப்பெழுத நான் உடன்பட மாட்டேன். ஆங்கிலச் சொல் இயற்கை நீரிலிருந்து செயற்கை நீருக்கு விரிந்ததைத் தொடக்கத்திலேயே நண்பர் எழுதியிருக்கிறார். ‘நீரூற்று’ என்பதும் நம் காலத்தில் அதே வழியில் விரிந்திருக்கிறது. செய்தித்தாளிலும் நகராட்சிப் பலகையிலும் பாடநூலிலும் நிலைத்துவிட்டது. நிலைத்த சொல்லைப் பிடுங்கி எறிவதைவிட, குழப்பம் வரும் இடத்தில் மட்டும் ‘செயற்கை நீரூற்று’ என்று அடைகொடுத்து எழுதுவது நடைமுறைக்கு உகந்தது. தனியே ‘ஊற்று’ என்று நிற்கும்போது அது மணலிலும் மலையிலும் ஊறுவதையே குறிக்கட்டும்.

ஐயப்பாடு

அடைகொடுத்தால் ஏற்கிறேன். ஆனால் ‘செயற்கை ஊற்று’ என்று சுருக்கி எழுதினால் மறுபடியும் சண்டைக்கு வருவேன்.

மொழிபெயர்ப்பு மேசை

அனைவருக்கும் நன்றி. மலையடிவார நீருக்கு ‘ஊற்று’, சதுக்கத்தில் இருப்பதற்குச் ‘செயற்கை நீரூற்று’, அறிவு வரும் வாக்கியத்துக்கு ‘ஊற்றுக்கண்’ என்று எழுதிவிட்டேன். ஒன்று மட்டும் மிச்சம். கடைசிக் கட்டுரையில் ‘ஃபவுண்டன் பேனா’ வருகிறது. 1884இல் அமெரிக்காவில் வாட்டர்மேன் காப்புரிமை பெற்ற பேனாவைப் பற்றிய பகுதி அது. ‘ஊற்றுப் பேனா’ என்று போட்டால் இளையவர்கள் ‘மை ஊற்றுகிற பேனா’ என்று புரிந்துகொள்கிறார்கள்.

பழைய தமிழாசிரியை

புரிந்துகொள்ளட்டும், பிறவினையாகக் கொண்டாலும் பொருள் கெடவில்லை, மை ஊற்றித்தானே எழுதினோம். ஆனால் அந்தப் பேனாவில் மை பீய்ச்சி அடிப்பதில்லை. நாக்கின் நடுவில் உள்ள மெல்லிய பிளவு வழியே, எழுத எழுதத் தேவையான அளவு கசிந்து வருகிறது. ஆகவே ‘ஊற்று’ அங்கே பூங்காவில் இருப்பதைவிடச் சரியாகவே உட்கார்ந்திருக்கிறது. மாற்றாமல் ‘ஊற்றுப் பேனா’ என்றே எழுதுங்கள்.